ரூபாய்க்குப் பத்துப் பைசா

வணக்கம். கன்னிமாரா நூலகத்தின் வரலாற்றைப் பற்றி நீங்கள் எழுத வேண்டும். அதன் பழைய வாசிப்பறையைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எங்கள் பகுதிக் கிளை நூலகத்துக்குள் கால்வைக்கவே மனம் வரவில்லை. ஒழுகும் வாடகைக் கட்டடம், நாளிதழ் படிக்கும் முதியவர்கள். அரசு இலவசமாகத் தருவதைக் குறை சொல்லவும் முடியாது. கைபேசியிலேயே எல்லாம் கிடைக்கும்போது இக்கிளைகள் தேவைதானா?
ம., சென்னை

அன்புள்ள ம.,

கிளை நூலகங்களைப் பற்றியே சில நாட்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

கன்னிமாராவின் கதையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிலாந்தில் ஹெய்லிபரியில் நடத்திய கல்லூரியில் மிஞ்சிய நூல்கள் சென்னைக்கு வந்து எழும்பூர் அருங்காட்சியகத்தில் இடம்பிடித்தன. 1890-இல் ஆளுநர் கன்னிமாரா பிரபு அடிக்கல் நாட்ட, ஹென்றி இர்வின் வடிவமைத்த கட்டடம் 1896 டிசம்பரில் திறக்கப்பட்டது. நீங்கள் வியந்த வண்ணக் கண்ணாடிகளை நானும் அண்ணாந்து பார்த்து நின்றவன்தான். ஆனால் அது ஓர் ஆளுநரின் பெயரில் எழுந்த மாளிகை. நம்முடைய நூலகங்களின் கதை 1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தில்தான் தொடங்குகிறது.

சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். அரங்கநாதன் ஆண்டுக்கணக்கில் வாதாடியதன் பயனாக, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது அச்சட்டம் நிறைவேறியது. சென்னை நகருக்கும் மாவட்டங்களுக்கும் நூலக ஆணைக்குழுக்கள் அமைந்ததும், அவற்றின் கீழ்க் கிளைகள் பெருகியதும், கன்னிமாரா மாநில மைய நூலகமானதும் அதன்படிதான். அச்சட்டத்தின் உயிர்நாடி நூலக வரி. நீங்கள் கட்டும் சொத்துவரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் பத்துப் பைசா நூலகத்துக்கென்றே சேர்த்து வாங்கப்படுகிறது. வாடகைக்குக் குடியிருப்பவராயினும் அது உங்கள் வாடகைக்குள் இருக்கிறது. காசைக் கொடுத்துவிட்டு இலவசம் என்று நன்றி சொல்லும் உங்களை என்னவென்பது? கூரை ஒழுகினால் சண்டை போடவேண்டியவர், முகம் சுளித்துக்கொண்டு எழும்பூருக்குப் போய்விட்டீர்கள்.

முதியவர்களைப் பற்றி எழுதியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சிறுவயதில் நான் போன பெரம்பூர்க் கிளை, ஒரு வீட்டின் மாடியில் இரண்டு அறைகளில் இயங்கியது. முதல் ஷிப்டு முடிந்து வரும் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் மிதிவண்டியைக் கீழே நிறுத்திவிட்டு மேலே வருவார்கள். காலிகோ அட்டை போட்ட நாவலின் கடைசித் தாளில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டில், ஊதா முத்திரைகள் இடைவெளியில்லாமல் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கியிருக்கும். எனக்கு முன் அத்தனை பேர் அதைப் படித்திருக்கிறார்கள் என்பதே அதை எடுத்துச்செல்லப் போதுமான காரணமாக இருந்தது. நூலகர் அம்மா, நான் கேட்காமலேயே அடுத்த நூலை மேசை இழுப்பறைக்குள் எடுத்துவைத்திருப்பார். அந்தத் தொழிலாளர்களில் எவரும் கன்னிமாராவுக்குப் போய் நான் கண்டதில்லை. அலுத்து வந்தவர்களுக்கு நடந்துபோகும் தூரத்தில் ஒரு மேசையும் மின்விசிறியும் தேவைப்பட்டன. இன்று உங்கள் கிளையில் நாளிதழ் விரித்திருக்கும் பெரியவருக்கும், அவர் பக்கத்தில் போட்டித் தேர்வுக்குக் குறிப்பெடுக்கும் பெண்ணுக்கும் தேவை அதுவேதான்.

கைபேசி பற்றிய கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அந்தப் பெண்ணிடம் கேளுங்கள், வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமிருக்கிறதா என்று.

வசூலாகும் நூலக வரியை உள்ளாட்சிகள் உரிய காலத்தில் ஆணைக்குழுக்களுக்குச் செலுத்துவதில்லை என்ற புகார் நெடுங்காலமாக இருக்கிறது. ஆகவே, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு எழுதுங்கள். உங்கள் மண்டலத்தில் வசூலான நூலக வரி எவ்வளவு, அதில் ஆணைக்குழுவுக்குச் சென்றது எவ்வளவு, உங்கள் கிளைக்குச் சொந்தக் கட்டடம் கட்டும் திட்டம் உண்டா என்ற மூன்றையும் கேளுங்கள். பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள். ஒரு வரியும் குறைக்காமல் இங்கே வெளியிடுகிறேன்.