ப்ளூ-ரே முன்பதிவா? முதல்ல ரீஜன் பாருங்க

காட்பாடி நண்பருக்கு, வேலூர்ல வாங்கின ப்ளேயர்ல, வரப்போற க்ரைட்டீரியன் (நல்ல படங்களை டிஸ்க்கா வெளியிடுற அமெரிக்க நிறுவனம்) ப்ளூ-ரே ஓடுமான்னு கேட்டிருந்தீங்க. பெரும்பாலும் ஓடாது. ப்ளூ-ரே டிஸ்கையும் ப்ளேயரையும் உலகப் பகுதி வாரியா ஏ, பி, சின்னு பிரிச்சுப் பூட்டுவாங்க, அதுதான் ரீஜன். அவங்க அமெரிக்க ப்ளூ-ரே 'ஏ' ரீஜன், இந்தியா 'சி'. டிஸ்க் உள்ளே போகும், ரீஜன் தப்புன்னு ஒரு வரி வரும், அவ்வளவுதான். ரிமோட்ல எண் அடிச்சுத் திறக்கிற வித்தை பெரும்பாலும் டிவிடிக்கு மட்டும்தான். கடைக்காரர் 'மல்டி ரீஜன்'னு சொன்னா, ப்ளூ-ரேக்கும் சேர்த்தான்னு அழுத்திக் கேளுங்க.

4கே யூஎச்டி டிஸ்குக்கு (ப்ளூ-ரேயை விடத் துல்லியமான படம் தர்ற டிஸ்க்) ரீஜன் பூட்டு கிடையாது. ஆனா சாதா ப்ளூ-ரே ப்ளேயர் அதைப் படிக்காது, யூஎச்டி ப்ளேயரே வேணும். 4கே டிஸ்கோட அதே பெட்டியில வர்ற க்ரைட்டீரியன் ப்ளூ-ரேக்கு 'ஏ' பூட்டு இருக்கும்; பேட்டிகள் மாதிரி கூடுதல் சரக்கெல்லாம் பெரும்பாலும் அதுலதான், வயித்தெரிச்சல்!

'ஏ' டிஸ்க் ஓட்ட அமெரிக்காவிலிருந்து ப்ளேயர் வரவழைச்சா, பின்பக்கம் 100–240 வோல்ட்னு போட்டிருக்கான்னு பாருங்க. 120 மட்டும்னா நம்ம 230-ல நேரா சொருகிடாதீங்க.