14ஆம் பக்கத்தில் இருந்த வாக்கியம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அலுவலக எழுத்து பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதைப் படித்து வருகிறேன். அந்த உரிமையில் இதைக் கேட்கிறேன்.

ஒரு நிறுவனத்தின் விநியோகப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சரக்கு ஏன் தாமதமாகப் போய்ச் சேர்கிறது என்று பார்த்து அறிக்கை தரச் சொன்னார்கள். இரண்டு மாதம் உழைத்து 22 பக்கம் எழுதினேன். அட்டை, பொருளடக்கம், வண்ணத் தலைப்புகள், வரைபடங்கள் எல்லாம் வைத்தேன். எங்கள் பொது மேலாளர் மூன்று பக்கம் புரட்டிவிட்டு, “சரி, இப்ப நான் என்ன செய்யணும்னு சொல்றீங்க?” என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அறிக்கை என் மேசைக்கே திரும்பிவிட்டது.

அறிக்கைக்கும் அலுவல் கடிதத்துக்கும் நிலையான வடிவம் என்று ஒன்று உண்டா? எழுத்துரு, ஓர இடைவெளி, எண்ணிடும் முறை இதையெல்லாம் எப்படி முடிவு செய்வது? இவ்வளவு நேர்த்தியாக அமைத்த பிறகும் ஏன் படிக்க மறுக்கிறார்கள்? பெயர்களை நீக்கிவிட்டு, முதல் மூன்று பக்கங்களையும் எனக்குப் பிடித்த 14ஆம் பக்கத்தையும் இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

இணைப்பை இரண்டு முறை படித்தேன். 14ஆம் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். அதன் நடுவில், ஒரு நீளமான பத்தியின் மூன்றாவது வரியில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: “தாமதமான சரக்குகளில் பெரும்பாலானவை மாலை 4 மணிக்குப் பிறகு கிடங்குக்கு வந்தவை என்பதும், அந்நேரத்தில் சுமை ஏற்றும் ஆட்கள் பணியில் இருப்பதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.”

உங்கள் அறிக்கையே இந்த ஒரு வாக்கியம்தான். இரண்டு மாதம் பதிவேடுகளைப் புரட்டி நீங்கள் கண்டுபிடித்தது இது. வேறு யாரும் இதைப் பார்க்கவில்லை, நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் அது 14ஆம் பக்கத்தில் இருக்கிறது, மேலாளர் மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டார். அந்த மூன்று பக்கங்களில் இருப்பது அட்டை, பொருளடக்கம், அப்புறம் நிறுவனத்தின் அறிமுகம். அவருடைய நிறுவனத்தை அவருக்கே ஒரு பக்கம் அறிமுகம் செய்திருக்கிறீர்கள்.

இது உங்கள் தவறு மட்டும் இல்லை. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்றுதான் நமக்குப் பள்ளியில் கட்டுரை எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு விஷயத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் வரிசை அது. முடிவெடுக்க வேண்டியவர் அதே வரிசையில் நடந்து வர வேண்டியதில்லை. அவருக்கு முதலில் நீங்கள் கண்டது வேண்டும், அடுத்து நீங்கள் கேட்பது, அதன் பிறகு அதை ஏன் நம்பலாம் என்பது. எப்படித் தேடினீர்கள் என்பது கடைசியில் வரலாம், பின்னிணைப்பிலும் வரலாம்.

1940 ஆகஸ்ட் 9 அன்று, போர் உச்சத்தில் இருந்தபோது, பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் தன் அரசுத் துறைகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சுருக்கமாக எழுதுங்கள் என்பதுதான் அதன் பொருள். வேலை நடக்க நாம் எல்லோரும் குவியல் குவியலாகக் காகிதம் படிக்க வேண்டியிருக்கிறது, அவற்றில் ஏறக்குறைய எல்லாமே மிக நீளம் என்று தொடங்குகிறார். முக்கியமான கருத்துகளைச் சிறு பத்திகளாகக் கொடுங்கள், விரிவான அலசலையும் புள்ளிவிவரத்தையும் பின்னிணைப்புக்குத் தள்ளுங்கள் என்கிறார். ‘பின்வரும் அம்சங்களையும் மனத்தில் கொள்வது முக்கியம்’ என்பது மாதிரியான இட்டு நிரப்பும் சொற்றொடர்களை விட்டுவிடச் சொல்கிறார். அந்தச் சுற்றறிக்கையே ஒரு பக்கம்தான். உங்கள் ‘கவனிக்கத்தக்கது’ அந்தச் சொற்றொடர்களின் நெருங்கிய உறவு.

நேர்த்தியாக அமைத்த பிறகும் ஏன் படிக்கவில்லை என்று கேட்டீர்கள். உள்ளடக்கம் வேறு, வடிவமைப்பு அதன்மேல் போர்த்தும் சால்வை என்று நினைப்பதால்தான் இந்தக் கேள்வி வருகிறது. எது மேலே, எது கீழே, எது பெரிய எழுத்தில், எது சிறிய எழுத்தில் என்று நீங்கள் வைக்கும்போதே, எது முக்கியம் என்று சொல்லிவிடுகிறீர்கள். படிப்பவர் அதை நம்புகிறார். அதனால் இதை அழகுக் குறிப்பாக என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்ணோடம் கிளம்பியபோது, எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. விண்ணோடம் மேலே சுற்றிக்கொண்டிருக்கையில், சேதம் எவ்வளவு இருக்கும் என்று கணக்கிட்ட பொறியாளர்கள் அதைத் திரையில் காட்டும் ஸ்லைடுகளாக நாசா அதிகாரிகளுக்குக் கொடுத்தார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு, சோதனைத் தரவுகளைப் பார்த்தால் கணக்கு பாதுகாப்பான பக்கமே சாய்கிறது என்ற தொனியில் இருந்தது. அதன் கீழே குறிகளும் உட்குறிகளுமாக வரிகள் இறங்கிக்கொண்டே போயின. கடைசியில், உள்ளே தள்ளி, சிறிய எழுத்தில் ஒரு வரி: மோதிய துண்டின் கன அளவு 1920 கன அங்குலம், சோதனையில் பயன்பட்டது 3 கன அங்குலம். அதாவது 640 மடங்கு. தங்களிடம் இருந்த சோதனை இந்த மோதலுக்குப் பொருந்தாது என்பதுதான் அதன் அர்த்தம். உண்மை அந்தப் பக்கத்திலேயே இருந்தது, யாரும் மறைக்கவில்லை. ஆனால் ஆறுதல் தலைப்பில் இருந்தது, எச்சரிக்கை அடியில் இருந்தது.

பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் விண்ணோடம் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். விபத்துக்குக் காரணம் ஒரு ஸ்லைடு என்று நான் சொல்ல மாட்டேன், காரணங்கள் பல. ஆனால் அந்த ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த விசாரணைக் குழுவின் அறிக்கை, இந்த ஸ்லைடைப் படிக்கும் ஒரு மூத்த அதிகாரி இது உயிர் போகிற விஷயம் என்று உணராமல் போவது எளிதுதான் என்று எழுதியது. எனக்கு ஒவ்வொரு அறிக்கையைப் பார்க்கும்போதும் அந்தக் கடைசி வரி நினைவுக்கு வரும். உங்கள் 14ஆம் பக்கத்தைப் பார்த்ததும் வந்தது.

சரி, உங்கள் அறிக்கைக்கு வருவோம். தலைப்பு ‘விநியோகப் பிரிவின் செயல்பாடு குறித்த ஆய்வறிக்கை’ என்று இருக்கிறது. ‘மாலை நேரச் சுமையேற்றத்துக்கு இரண்டாவது குழு தேவை: சரக்குத் தாமதம் பற்றிய அறிக்கை’ என்று வையுங்கள். அட்டை வேண்டாம். முதல் பக்கத்தின் முதல் பத்தி இப்படி இருக்கட்டும்:

“நம் சரக்குத் தாமதங்களில் பெரும்பாலானவை கிடங்கில் நிகழ்கின்றன, சாலையில் அல்ல. மாலை 4 மணிக்குப் பிறகு வரும் சரக்கை ஏற்ற ஆள் இல்லாததால் அது மறுநாள்வரை கிடக்கிறது. மாலை 4 முதல் இரவு 8 வரை இரண்டாவது குழுவை மூன்று மாதம் சோதனையாக அமர்த்த அனுமதி கோருகிறேன். செலவு விவரம் பக்கம் 2இல்.”

மேலாளர் கேட்ட கேள்விக்கு இந்த நான்கு வாக்கியத்தில் பதில் இருக்கிறது. அவர் இதற்கு மேல் படிக்காவிட்டாலும் முடிவெடுக்கலாம், சந்தேகம் வந்தால் படிப்பார். உள்தலைப்புகளையும் இதே மாதிரி மாற்றுங்கள். ‘தரவுப் பகுப்பாய்வு’ என்பது ஒரு பெட்டியின் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு. ‘4 மணிக்கு முன் வந்த சரக்கு அன்றே கிளம்புகிறது’ என்பது ஒரு செய்தி. உள்தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்தால் உங்கள் வாதம் முழுதாகக் கிடைக்க வேண்டும். நான் இன்றும் எழுதி முடித்ததும் இப்படித்தான் படித்துப் பார்க்கிறேன், எங்கே தடுக்குகிறதோ அங்கே யோசனையிலேயே ஓட்டை இருக்கும்.

அடுத்து, மொழி. நம் அலுவலகத் தமிழில் ஆளே இல்லாத வாக்கியங்கள் நிறைய. ‘உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்படும்’, ‘ஆவன செய்யப்படும்’, ‘மேற்படி பொருள் பரிசீலனையில் உள்ளது’. மரியாதையாகத் தெரியும். ஆனால் யார் செய்வார், எப்போது செய்வார் என்ற இரண்டையும் இவை விழுங்கிவிடுகின்றன. மாற்றுப் பொருள் கேட்டு எழுதிய ஒரு வாடிக்கையாளருக்கு ‘விரைவில் ஆவன செய்யப்படும்’ என்று பதில் போவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு மாதம் கழித்து அவர் மறுபடி எழுதினார், பொறுப்பு யாருடையது என்றே அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. ‘மாற்றுப் பொருளை 12ஆம் தேதி அனுப்புகிறோம், கிடைக்காவிட்டால் எனக்கே எழுதுங்கள்’ என்பதும் மரியாதைதான். அதைவிடப் பெரிய மரியாதையை நான் கடிதத்தில் கண்டதில்லை.

அலுவல் கடிதத்தின் வடிவம் உங்களுக்குத் தெரிந்ததுதான்: அனுப்புநர், பெறுநர், நாள், பொருள், பார்வை, உடல், கையொப்பம், இணைப்பு, நகல். இதை மாற்ற வேண்டாம், கோப்பில் தேடுபவருக்கு எது எங்கே இருக்கும் என்று தெரிந்திருப்பதுதான் அதன் பயன். ஒரு கடிதத்தில் ஒரே விஷயம் இருக்கட்டும். இரண்டு விஷயம் கேட்டால் ஒன்றுக்குத்தான் பதில் வரும். மின்னஞ்சலுக்கும் இதேதான். பொருள் வரியில் ‘அறிக்கை தொடர்பாக’ என்று போடாமல் ‘இரண்டாவது குழுவுக்கு அனுமதி: வெள்ளிக்குள் பதில் தேவை’ என்று போடுங்கள். நகலில் போடும் ஒவ்வொருவரும் அதை எதற்குப் படிக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

தேதியை எழுதும்போது மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதுங்கள். 05/06 என்பதைச் சிலர் ஜூன் 5 என்று படிப்பார்கள், சிலர் மே 6 என்று. வெளிநாட்டுக் கடிதத்தில் இந்த ஒரு மாத வித்தியாசம் சரக்கையே திருப்பி அனுப்பிவிடும்.

எழுத்துரு பற்றி எனக்குப் பெரிய கருத்து இல்லை. யூனிகோடு எழுத்துரு ஒன்றே ஒன்றை எடுத்து, கடைசிவரை அதையே வையுங்கள். தமிழ் எழுத்துகள் மேலும் கீழும் விரிவதால் வரி இடைவெளி கொஞ்சம் கூடுதலாகத் தேவை. ‘கூ’வின் சுழியும் அடுத்த வரியின் ‘கி’யும் முட்டிக்கொண்டால் கண் களைத்துவிடும்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் கோப்பில் தலைப்புகளைக் கையால் பெரிதாக்கி, தடிமனாக்கி, வண்ணம் பூசியிருக்கிறீர்கள். பொருளடக்கத்தைப் புள்ளி புள்ளியாகத் தட்டச்சு செய்திருக்கிறீர்கள். புதுப் பக்கத்துக்குப் போக என்டரைத் தட்டிக்கொண்டே போயிருக்கிறீர்கள். ஒரு வரி சேர்த்தால் எல்லாம் குலையும். வேர்டிலும் லிப்ரே ஆபீஸிலும் ‘ஹெடிங்’ என்ற ஸ்டைல்கள் இருக்கின்றன. தலைப்புக்கு அதைக் கொடுத்துவிட்டால் பொருளடக்கத்தை மென்பொருளே உருவாக்கும், ஓரிடத்தில் மாற்றினால் எல்லாத் தலைப்பும் மாறும். அட்டவணை அடுத்த பக்கத்துக்கு நீண்டால் தலைப்பு வரிசை அங்கேயும் வரும்படி செய்யலாம். புதுப் பக்கத்துக்குப் பேஜ் பிரேக் இருக்கிறது. ஒரு மாலைப் பொழுது போதும் இதற்கு.

அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி தெரியும். காகிதத்தில் அச்சிடுவார்கள் என்றால் தாள் அளவையும் பாருங்கள். ஏ4 என்பது 210க்கு 297 மில்லிமீட்டர். அமெரிக்காவில் புழங்கும் லெட்டர் தாள் அதைவிடச் சற்று அகலம், உயரம் குறைவு. ஒன்றுக்கு அமைத்ததை மற்றொன்றில் அச்சிட்டால் ஓரம் வெட்டுப்படலாம், அல்லது எழுத்து சுருங்கிவிடலாம்.

உங்கள் அட்டவணைகளில் எண்களை நடுவில் நிறுத்தியிருக்கிறீர்கள். வலது ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். ஒன்றின் கீழ் ஒன்று, பத்தின் கீழ் பத்து நின்றால் எது பெரிது என்று கூட்டிப் பார்க்காமலே தெரியும். அலகை (ஆயிரத்திலா, லட்சத்திலா) தலைப்பில் ஒருமுறை சொன்னால் போதும்.

14ஆம் பக்கத்தில் நேரவாரியாக ஒரு சிறிய அட்டவணை வைத்திருக்கிறீர்களே, ஐந்து வரிசையில், அதில் மட்டும் கை வைக்காதீர்கள். மாலை 4க்குப் பிறகான வரிசையில் எண்கள் எப்படி எகிறுகின்றன என்று அது ஒரு பார்வையில் காட்டுகிறது. அதை அப்படியே எடுத்து, மேலே சொன்ன முதல் பத்திக்குக் கீழே வைத்து, அந்த ஒரே பக்கத்தை மேலாளரிடம் முதலில் கொடுங்கள். மீதிப் பக்கங்களைக் கையில் வைத்திருங்கள், கேட்டால் கொடுக்கலாம். அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

அன்புடன்.