போட்டோ புக் ஆன்லைனில் அடிக்கலாமா? ஆர்டர் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். வரும் தை மாதம் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். அப்பா அம்மாவின் கல்யாணப் படத்தில் தொடங்கி பேரன் பேத்தி வரைக்கும் சேர்த்து ஒரு போட்டோ புக் போட்டு, அன்றைக்கு அவர்கள் கையில் கொடுக்கலாம் என்று நானும் ஓசூரில் இருக்கும் தம்பியும் பேசி வைத்திருக்கிறோம். மூன்று காப்பி வேண்டும். ஆன்லைனில் பார்த்தால் ஏறக்குறைய ஒரே அளவு புத்தகத்துக்கு ஓரிடத்தில் 700 ரூபாய், இன்னோரிடத்தில் 4,000 ரூபாய் போட்டிருக்கிறார்கள். எதை நம்பிக் கொடுப்பது? பேசாமல் தருமபுரியில் ஸ்டூடியோவிலேயே கொடுத்துவிடலாமா?

பதில்: 700 ரூபாய்க்கும் 4,000 ரூபாய்க்கும் கிடைப்பது ஒரே பொருள் அல்ல. இரண்டையும் போட்டோ புக் என்றுதான் விற்கிறார்கள், ஆனால் தாள் வேறு, அச்சு வேறு, பைண்டிங் வேறு. விலை குறைந்தவை பெரும்பாலும் டிஜிட்டல் பிரஸ்ஸில், 170 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) போன்ற ஆர்ட் தாளில் அடித்து, முதுகில் பசை போட்டு ஒட்டியவை. விலை கூடியவற்றில் ஒரு வகை, ஸ்டூடியோவில் பிரிண்ட் போடுகிற அதே சில்வர் ஹாலைடு போட்டோ பேப்பரில் வருவது. இன்னொரு வகை, எச்பி இண்டிகோ போன்ற உயர்தர டிஜிட்டல் பிரஸ்ஸில் தடித்த ஷீட்டில் அடிப்பது. இந்த இரண்டிலும் எதிரெதிர்ப் பக்கங்களை ஒரே ஷீட்டாக அடித்து, நடுவில் மடித்து, ஷீட்டுகளை முதுகோடு முதுகாக ஒட்டுவார்கள். புத்தகத்தை விரித்தால் பலகை மாதிரி தட்டையாகப் படியும். லே-ஃபிளாட் என்று போட்டிருப்பது இதைத்தான்.

உங்கள் தேவைக்கு லே-ஃபிளாட்டைத்தான் சொல்வேன். பசை பைண்டிங்கில் நடுமடிப்பு கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டரை விழுங்கிவிடும். அப்பாவும் அம்மாவும் மாலை மாற்றுகிற படத்தை இரண்டு பக்கத்துக்கும் பரப்பி வைத்தீர்கள் என்றால், மாலை பிடித்த கைகள் மடிப்புக்குள் போய்விடும். அதோடு, விசேஷ வீட்டில் இந்தப் புத்தகம் ஐம்பது கை மாறும். ஒவ்வொருவரும் விரித்து அழுத்திப் பார்ப்பார்கள். பசை பைண்டிங் அந்த அழுத்தத்தை அதிக நாள் தாங்காது. தாள் பளபளப்பாக வேண்டுமா, மேட்டாக வேண்டுமா என்று கேட்டால் மேட் என்று சொல்லுங்கள். விரல் ரேகை தெரியாது, டியூப் லைட் வெளிச்சம் பட்டுக் கண் கூசாது.

விலையை ஒப்பிடும்போது ஒரு கணக்கில் கவனம் வேண்டும். கல்யாண ஆல்பம் போடுகிறவர்கள் ஷீட் கணக்கில் பேசுவார்கள், இணையதளங்களில் பெரும்பாலும் பக்கக் கணக்கு. 20 ஷீட் என்றால் 40 பக்கம். இது தெரியாமல் 20 பக்கப் புத்தகத்தின் விலையையும் 20 ஷீட் ஆல்பத்தின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்று கொள்ளை விலையாகவும் மற்றது அடிமாட்டு விலையாகவும் தெரியும். கூரியர் செலவும் ஜிஎஸ்டியும் சேர்த்து, தளத்தில் காசு கட்டும் கடைசிப் பக்கத்தில் என்ன தொகை வருகிறது என்பதையே எழுதி வைத்து ஒப்பிடுங்கள். "இன்று இரவு வரை மட்டும்" என்று வரும் கூப்பனை முன்கூட்டியே காசு கட்டி வாங்கி வைக்காதீர்கள். அவற்றுக்குக் காலாவதித் தேதி உண்டு. வீட்டுப் படங்கள் சேர்ந்து முடிவதற்குள் அந்தத் தேதி தாண்டிவிடும்.

எந்த நிறுவனம் என்பதைவிட உங்கள் கையில் என்ன படம் இருக்கிறது என்பதுதான் பெரிய விஷயம். அடுத்த இரண்டு வாரத்தை இதற்கே செலவழியுங்கள்.

அச்சுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல் இருந்தால் நன்றாக வரும். 200 வரை சமாளிக்கலாம், அதற்குக் கீழே போனால் மங்கும். போனில் எடுத்த அசல் படம் 4,000-க்கு 3,000 பிக்சல் இருந்தால், 13 அங்குல நீளத்துக்குத் தாராளமாகப் போடலாம். அதே படத்தைத் தம்பி வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால், நீளப் பக்கம் சுமார் 1,600 பிக்சலாகச் சுருங்கிவிடும். 300 கணக்கில் அது 5 அங்குலத்துக்குத்தான் காணும். போன் திரையில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது, புத்தகம் வந்த பிறகுதான் தெரியும். அதனால் குடும்ப குரூப்பில் கிடக்கிற படங்களை எடுத்து அடுக்காதீர்கள். எடுத்தவரிடமே கேட்டு, வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாகவோ கூகுள் டிரைவ் வழியாகவோ வாங்குங்கள். கேலரியில் படத்தைத் திறந்து விவரங்கள் பகுதியைப் பார்த்தால் பிக்சல் அளவு இருக்கும். அசல் கிடைக்கவே கிடைக்காத படத்தைச் சின்னதாக, ஒரு பக்கத்தில் நாலைந்து படங்களில் ஒன்றாக வையுங்கள். சின்ன அளவில் அது பழுதில்லாமல் தெரியும்.

பழைய கல்யாண ஆல்பத்தில் நிதானம் வேண்டும். அந்தக் காலத்து ஆல்பங்களில் பசை தடவிய அட்டையில் படத்தை ஒட்டி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடியிருப்பார்கள். இத்தனை வருடத்தில் அந்தப் பசை இறுகியிருக்கும். படத்தைப் பிய்த்தால் படமும் சேர்ந்து கிழியும். பிளாஸ்டிக்கை மட்டும் மெதுவாக விலக்கி, படம் அட்டையில் இருக்கும்போதே ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் கொடுக்கும்போது "600 டிபிஐ வேண்டும்" (அங்குலத்துக்கு 600 புள்ளி) என்று வாயைத் திறந்து கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஆதார் கார்டுக்குப் போடும் அளவிலேயே போட்டுத் தருவார்கள். 600-இல் எடுத்தால் 4-க்கு 6 அங்குலப் பிரிண்டை இரண்டு மடங்காகப் பெருக்கி 8-க்கு 12 வரை போடலாம். வண்ணப் படம் செம்மண் நிறத்துக்குப் போயிருந்தால், ஸ்கேனுக்குப் பிறகு ஓரளவு சரி செய்ய முடியும். நெகட்டிவ் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் அதிலிருந்து எடுப்பது பிரிண்டைவிட நன்றாக வரும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. போன் திரை உள்ளிருந்து ஒளிர்கிறது, தாள் ஒளிராது. அதனால் எந்தப் படமும் அச்சில் ஒரு படி இருட்டாகவே தெரியும். திரை வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்து வைத்துக்கொண்டு படங்களைப் பாருங்கள், முகம் அப்போதும் தெளிவாக இருக்க வேண்டும். ஒகேனக்கல்லில் பரிசலில் உட்கார்ந்து எடுத்த படம் நம் மாவட்டத்தில் எல்லா வீட்டிலும் ஒன்றிருக்கும். பின்னால் அருவி நுரை வெள்ளை வெளேர் என்றிருக்கும், முகம் நிழலில் கிடக்கும். அப்படியே அச்சுக்கு அனுப்பினால் முகம் கறுத்துவிடும், முகத்தில் மட்டும் வெளிச்சத்தைக் கூட்டி அனுப்புங்கள். மண்டப மேடையின் ஊதா, நீல எல்இடி விளக்கில் எடுத்தவை பிரஸ் அச்சில் மந்தமாகத்தான் வரும். அந்த நிறங்கள் அச்சு மைக்கு எட்டாதவை. அதை நிறுவனத்தின் குறையாகக் கொள்ள வேண்டாம். ஆனால் சில தளங்கள் "ஆட்டோ என்ஹான்ஸ்" என்று தாமாகவே நிறத்தை மாற்றுகின்றன. மாநிற முகத்தை வெளுப்பாக்கிவிடும் வேலை இங்கேதான் நடக்கிறது. நீங்கள் ஏற்கெனவே சரி செய்த படங்கள் என்றால் அந்த வசதியை அணைத்துவிடுங்கள். அணைக்க வழியில்லாத தளத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது தமிழ். படத்துக்குக் கீழே பெயர், ஊர், வருடம் எழுதாமல் இப்படி ஒரு புத்தகம் போடுவதில் அர்த்தமில்லை. பேரன் காலத்தில் அந்தப் படத்தில் நிற்பது யாரென்று சொல்ல ஆள் இருக்காது. பல தளங்களின் எடிட்டர் தமிழை ஒழுங்காகக் கோர்ப்பதில்லை. ஒற்றைக்கொம்பு தனியே, எழுத்து தனியே, கால் தனியே சிதறும். சோதிப்பதற்கு "ஸ்ரீ, கொடுத்த, கோயில், கௌரி, லட்சுமி" என்று அடித்துப் பாருங்கள். திரையில் சரியாக இருப்பது மட்டும் போதாது. சில இடங்களில் திரையில் சரியாக இருந்து, அச்சுக்கான பிடிஎஃப்பில் உடைந்துவிடுகிறது. பத்திரமான வழி, வாசகங்களை கேன்வா போன்ற செயலியில் யூனிகோட் எழுத்துருவில் அமைத்து, படமாகச் சேமித்து, மற்றப் படங்களைப் போல ஏற்றிவிடுவது. பக்க ஓரத்திலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளி வையுங்கள். வெட்டும்போது ஓரத்தில் 3 மில்லிமீட்டர் வரை போகும்.

இவ்வளவும் கையில் இருந்தால் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது கடினமில்லை. முழுப் பக்கங்களையும் நீங்களே பிடிஎஃப்பாகத் தயாரித்து ஏற்ற விடுகிறார்களா என்று பாருங்கள். விட்டால், நாளைக்கு அந்த நிறுவனமே இல்லாமல் போனாலும் அதே கோப்பை வேறெங்கும் கொடுத்து அடிக்கலாம். அவர்களுடைய எடிட்டரில் மட்டுமே செய்ய முடியும் என்றால் உங்கள் உழைப்பு அவர்களிடம் மாட்டிக்கொள்ளும். தாளின் ஜிஎஸ்எம், அச்சு முறை, பைண்டிங் மூன்றையும் தளத்தில் எழுதியிருக்கிறார்களா? "பிரீமியம் குவாலிட்டி" என்று மட்டும் இருந்தால் போன் செய்து கேளுங்கள். போன் எண்ணே இல்லாத இடத்துக்குப் போக வேண்டாம். உங்கள் பின்கோடைப் போட்டுப் பாருங்கள். தருமபுரி டவுனுக்கு வருகிற தனியார் கூரியர் உங்கள் கிராமத்துக்கு வராமல், பாலக்கோட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லலாம். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புவார்களா என்று கேளுங்கள், தபால்காரர் வீட்டுக்கே கொண்டுவருவார். இல்லையென்றால் ஓசூரில் தம்பி முகவரியைக் கொடுங்கள்.

மூன்று காப்பிக்கும் ஒரே நாளில் ஆர்டர் போடாதீர்கள். ஒன்றை மட்டும் முதலில் வரவழையுங்கள். பெயரில் எழுத்துப் பிழை, சித்தப்பா படத்தில் தலை வெட்டுப்பட்டது, ஒரே படம் இரண்டு இடத்தில் வந்தது, இவையெல்லாம் தாளில் பார்க்கும்போதுதான் கண்ணில் படும். கூரியர் செலவு ஒரு தடவை கூடுதலாகும், பரவாயில்லை. அதற்கு நேரம் வேண்டும் என்பதால், விசேஷத்துக்கு ஒன்றரை மாதம் முன்னதாகவே முதல் காப்பியைப் போட்டுவிடுங்கள். பொங்கல் சமயத்தில் கூரியரும் தாமதமாகும்.

ஸ்டூடியோவில் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பல ஸ்டூடியோக்கள் ஆல்பத்தைத் தாங்களே அடிப்பதில்லை, வெளியூர் லேபுக்குத்தான் அனுப்புகிறார்கள். அந்த லேபுகளில் பல, போட்டோகிராபர்களிடம் மட்டுமே ஆர்டர் எடுக்கும். ஆக ஸ்டூடியோ வழியாகப் போனால், உங்களால் நேரடியாகத் தொட முடியாத ஒரு நல்ல லேப் கிடைக்கும். தாளைக் கையில் தொட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம், குறை இருந்தால் நேரில் போய்ப் பேசலாம். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பக்கம் அமைக்க உங்கள் இருவருக்கும் நேரமில்லை என்றால் நான் ஸ்டூடியோவைத்தான் சொல்வேன். ஒன்றை மட்டும் முன்பே பேசி வாங்குங்கள்: வேலை முடிந்ததும் பக்கங்களின் கோப்பு உங்களுக்கு வர வேண்டும். டிசைனை அவர்களிடமே விட்டால், தாம்பூலத் தட்டும் ரோஜாப் பூவும் வைத்த ரெடிமேட் பின்னணியில் உங்கள் வீட்டுப் படங்கள் சின்னதாகிப் போகும். வெள்ளைப் பின்னணியே போதும் என்று சொல்லுங்கள்.

ஆன்லைனில் வாங்கினால், பார்சலைப் பிரிக்கும்போது தொடக்கத்திலிருந்து வீடியோ எடுங்கள். மூலை நசுங்கியிருந்தால் அதைத்தான் முதலில் கேட்பார்கள். "பெர்சனலைஸ்டு பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது" என்பார்கள். மனம் மாறித் திருப்பிக் கொடுப்பதற்குத்தான் அது பொருந்தும், அச்சு மங்கலுக்கும் பைண்டிங் பிரிவதற்கும் பொருந்தாது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, ஆன்லைனில் விற்கும் நிறுவனம் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவர் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு மேலும் போக வேண்டி வந்தால், நிறுவனம் மும்பையிலோ டெல்லியிலோ இருந்தாலும், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பில், உரையாடல், வீடியோ மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள்.