கத்தரிக்கோல் கட்சி

கேள்வி: பிரிட்டனின் குயீன் ராக் குழுவின் 'பொஹீமியன் ராப்சடி' பாட்டு வந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அவ்வளவு நீளமான பாட்டைத் துளிகூட வெட்டாமல் வெளியிட்டதால்தானே அது வெற்றி பெற்றது? பத்திரிகை ஆசிரியர்கள் இதைக் கவனிப்பார்களா?
– 'இசைப்பித்தன்', கும்பகோணம்

பதில்: 'துளிகூட வெட்டாமல்.' ஆக, நீங்கள் பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. போன தீபாவளி மலரில் உங்கள் கதை பதினான்கு பக்கத்திலிருந்து ஐந்து பக்கமானதைப் பற்றிக் கேட்கிறீர்கள். புனைபெயரை மாற்றினால் போதுமா? 'ழ'வுக்கு நீங்கள் போடும் வால் அப்படியேதான் இருக்கிறது. இந்தக் கேள்வியே மூன்று பக்கம் வந்தது. மேலே இருப்பது நான் விட்டுவைத்தது.

ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, சொல்லிவிடுகிறேன். பாட்டை வெட்டுவதா வேண்டாமா என்று 1975-ல் குழுவுக்கும் இசைத்தட்டுக் கம்பெனியான இ.எம்.ஐ.க்கும் நடந்த சண்டையில் நான் கம்பெனி பக்கம். பாட்டின் நீளம் 5 நிமிடம் 55 விநாடி. அந்தக் காலத்தில் வானொலிக்குப் போகும் தனிப்பாட்டு மூன்று நிமிடம், மிஞ்சினால் நாலு. அதைத் தாண்டினால் எந்த நிலையமும் போடாது என்று இ.எம்.ஐ. ஆட்கள் கையை விரித்தார்கள். அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் நடுவில் மேற்கத்திய இசை நாடகம் போல வரும் ஓபரா பகுதியைத் தூக்கிவிட்டு, 'நன்றாக வந்திருக்கிறது தம்பி' என்று பாட்டை எழுதிப் பாடிய பிரெட்டி மெர்க்குரியிடம் சொல்லியிருப்பேன். (அவர் மகாராஷ்டிரத்துப் பஞ்ச்கனியில் படித்தவர், ஆகவே நம்மாள் என்று ஆறு பேர் எழுதியிருக்கிறார்கள். போதும், தெரியும்.)

அந்த ஓபரா பகுதிக்கு மட்டும் நாள்கணக்கில் பிடித்தது. வேல்ஸ் நாட்டுப்புறத்தில், மன்மத் ஊருக்குப் பக்கத்தில் ராக்ஃபீல்ட் என்று ஒரு பண்ணை. அதை ஸ்டூடியோ ஆக்கியிருந்தார்கள். பாட்டின் பதிவு தொடங்கியது அங்கேதான். ஓபரா பகுதிக்காகக் குழுவின் மெர்க்குரி, பிரையன் மே, ரோஜர் டெய்லர் மூன்று பேரும் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் நின்று பாடினார்கள். டேப்பில் குரல்களைத் தனித்தனியாகப் பதிய இருந்ததோ 24 தடம். நிரம்பியதும் பாடிய குரல்களையெல்லாம் ஒன்றிரண்டு தடத்துக்குள் அடக்கிவிட்டு, காலியான தடங்களில் மறுபடி பாடுவார்கள். அதையும் அடக்குவார்கள், மறுபடி பாடுவார்கள். மூன்று தொண்டை ஒரு கூட்டமான கதை இதுதான். அந்தப் பகுதியில் 'கலிலியோ' என்ற பெயர் திரும்பத் திரும்ப வரும். 'இன்னும் ஒரு கலிலியோ சேர்ப்போம்' என்று மெர்க்குரி வந்து நிற்பாராம், தயாரிப்பாளர் ராய் தாமஸ் பேக்கர் இன்னொரு துண்டு டேப்பை ஒட்டுவாராம். ஓட்டி ஓட்டி டேப்பின் மேல்பூச்சு தேய்ந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிந்ததாம்.

இப்போது உங்கள் கதைக்கு வருவோம். அதில் மூன்று பக்கம் மழை பெய்தது. நாயகன் குடையைத் தேடினான். கிடைக்கவில்லை. அம்மாவிடம் கேட்டான். அம்மாவும் மழையைப் பார்த்தாள். நாலாம் பக்கத்தில் மழை விடும் என்று நம்பினேன், தூறலாக மாறியது. அந்தப் பாட்டைக் கேட்டுப் பாருங்கள் ஐயா. முதலில் துணைக்கருவி இல்லாமல் குரல்கள், அப்புறம் பியானோ, அப்புறம் கிட்டார், ஓபரா, தலையாட்ட வைக்கும் ராக், கடைசியில் மெல்ல அடங்கல். திரும்பத் திரும்ப வரும் பல்லவியே கிடையாது. போன இடத்துக்கு மறுபடி போகாத பாட்டு நீளமாக இருந்தாலும் நீளம் தெரியாது. உங்கள் குடை மூன்று முறை தொலைகிறது.

வானொலி போட்டதா என்றால், போட்டது. லண்டன் கேபிடல் ரேடியோவில் கென்னி எவரெட் என்று ஒரு அறிவிப்பாளர். குழுவின் நண்பர். ஒலிபரப்பக் கூடாது என்று சொல்லித்தான் ஒரு பிரதியைக் கொடுத்தார்கள். கொடுத்த விதத்திலேயே ஒரு கண்ணடிப்பு இருந்தது. முதலில் துண்டு துண்டாகப் போட்டு ஆசை காட்டினார். வார இறுதி முடிவதற்குள் 14 தடவை போட்டுவிட்டார். திங்கட்கிழமை மக்கள் கடைகளில் போய்க் கேட்டால், இசைத்தட்டு இன்னும் வரவில்லை! அக்டோபர் 31-ல் வந்தது, நவம்பர் கடைசியில் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதலிடம். 'வெட்டாதீர்கள்' என்று எனக்குக் கடிதம் எழுதுவதைவிட, அறிவிப்பாளர் ஒருவரைச் சிநேகம் பிடிப்பது உத்தமம்.

எனக்கு இதில் பிடித்த ஆள் மெர்க்குரி அல்ல, டிரம்ஸ் வாசித்த டெய்லர். இசைத்தட்டுக்கு மறுபக்கம் உண்டே. அங்கே தன் பாட்டைத்தான் போட வேண்டும் என்று அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம், மெர்க்குரி சரி என்கிற வரை வெளியே வரவில்லையாம். அது காரைக் காதலிப்பவனைப் பற்றிய பாட்டு. யார் கேட்டார்களோ தெரியாது. ஆனால் தட்டு விற்றால் இரண்டு பக்கமும் சேர்ந்துதானே விற்கும்? பாட்டு எழுதியவருக்கான பங்கு மெர்க்குரிக்கு எவ்வளவோ டெய்லருக்கும் அவ்வளவு. நால்வர் குழுவில் மற்ற இருவருக்கும் வருஷக்கணக்கில் இது உறுத்தியதாம். எங்கள் விளம்பரப் பிரிவு மேலாளருக்கு இந்தக் கதை மனப்பாடம். அட்டைப்படம் பற்றி நான் பேச வாயெடுத்தாலே, 'பின்னட்டை ஊறுகாய் விளம்பரம்தான் சார் சம்பளம் கொடுக்குது' என்பார். இருபது வருஷச் சண்டை. அவர் இன்னும் அலமாரிக்குள் போகவில்லை, அவ்வளவுதான்.

மெர்க்குரி இறந்த பிறகு 1991-ல் அதே பாட்டு மறுபடி முதலிடத்துக்கு வந்ததே என்று அடுத்த கடிதத்தில் எழுதுவீர்கள். எழுதுங்கள், ஒரு பக்கத்துக்குள். முதல் சுற்றில் ஒன்பது வாரம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதன் ஓபரா பகுதியில் 'மம்மா மியா' என்று கத்துவார்கள், ஞாபகம் இருக்கிறதா? 1976 ஜனவரியில் அதை முதலிடத்திலிருந்து இறக்கிய பாட்டு ஆபா குழுவின் 'மம்மா மியா'. நீளம் மூன்றரை நிமிடம்.