எதிராளி இல்லாத குஸ்தி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகனுக்கு 14 வயது, 44 கிலோ. பள்ளி மல்யுத்த அணியில் இருக்கிறான். மாஸ்டர் சனி, ஞாயிறு மட்டும்தான் வருகிறார். மற்ற நாட்களில் வீட்டிலேயே தண்டாலும் பஸ்கியும் எடுக்கச் சொல்லியிருக்கிறார். ஆரம்பத்தில் அலாரம் அடிக்கும் முன்பே எழுந்தவன், இப்போது தினம் ஒரு சாக்கு சொல்கிறான். திட்டினால் முறைக்கிறான். என்ன செய்வது?
– ஒரு தாய், நாமக்கல்

பதில்: திட்டுவதை விடுங்கள். பையன் சோம்பேறியாகிவிடவில்லை, அவனுக்குச் சலித்துவிட்டது. எதிரில் இருப்பவன் தள்ளினால் இழுப்பதும், இழுத்தால் உள்ளே புகுவதும்தான் குஸ்தி. சுவரைப் பார்த்து நூறு தண்டால் எடுப்பதில் இது எதுவுமே கிடையாது. அதை இருநூறாக்கினால் வெறுப்புதான் கூடும். எப்படியாவது ஓர் எதிராளியை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

அதற்கு உங்கள் செல்போன் போதும். உங்கள் குரலிலேயே 2 நிமிடப் பதிவு ஒன்று எடுங்கள். அதில் மூன்றே சொற்கள்: ‘உள்ளே’ என்றால் எதிராளியின் காலைப் பிடிப்பதுபோல் முன்னே பாய்வது. ‘பின்னே’ என்றால் ஸ்ப்ரால், அதாவது இரண்டு கால்களையும் பின்னால் வீசி இடுப்பைக் கீழே அழுத்துவது. ‘சுற்று’ என்றால் தாழ்ந்த நிலை மாறாமல் பக்கவாட்டில் இரண்டு எட்டு வைப்பது. சொல்லுக்குச் சொல் 3 முதல் 7 விநாடி வரை இடைவெளியை மாற்றி மாற்றி விடுங்கள். 15 வயதுக்குட்பட்டோர் போட்டியில் 2 நிமிடம் வீதம் இரண்டு சுற்று, நடுவில் 30 விநாடி ஓய்வு. வீட்டிலும் அதே கணக்குதான். வேறு வேறு வரிசையில் மூன்று பதிவுகளாவது வேண்டும். ஒன்றையே போட்டால் சீக்கிரம் மனப்பாடமாகிவிடும், பிறகு காது தூங்கிவிடும்.

குஸ்தி தெரியாத உங்களாலும் பிடிக்கக்கூடிய பிழை ஒன்று உண்டு. ‘உள்ளே’ என்றதும் முதலில் முட்டி மடங்க வேண்டும். அடுத்து முன்கால் பாய்ந்து அதன் முட்டி மேட்டை (பயிற்சிக்கான மெத்தை விரிப்பை) தொட, பின்கால் உடனே கூட வர வேண்டும். களைத்த பையன்கள் முட்டியை மடக்காமல் இடுப்பிலிருந்து குனிவார்கள். தலை தொங்கும். போட்டியில் எதிராளி அந்தத் தலையை அப்படியே அக்குளில் பூட்டிவிடுவான். சுவரில் பையனின் மார்பு உயரத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டுங்கள். பாயும்போது கண் பொட்டை விட்டு நகராவிட்டால் முதுகு நேராக இருக்கிறது என்று அர்த்தம்.

20 பாய்ச்சலில் எத்தனை சுத்தம் என்பதை அவனே நோட்டில் எழுதட்டும். 11 இருந்தது 14 ஆனால் மறுநாள் யாரும் எழுப்ப வேண்டியிருக்காது. தண்டால் எண்ணிக்கையை இந்த நோட்டில் சேர்க்காதீர்கள், அவன் கவனம் அதற்கே போய்விடும். மொத்தமே 35 நிமிடம் போதும். வெள்ளிக்கிழமை கட்டாய ஓய்வு, சனிக்கிழமை மாஸ்டர் முன்னால் கால் துடிப்பாக இருக்க வேண்டுமல்லவா?

தரையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. வெறும் டைல்ஸில் இதைச் செய்தால் முட்டி வீங்கும். 40 மி.மீ. தடிமனுள்ள, ஒன்றோடொன்று கோக்கும் ஃபோம் மேட், மீட்டருக்கு மீட்டர் அளவில் நான்கு வாங்கினால் 2×2 மீட்டர் இடம் கிடைக்கும். டைல்ஸ் மீது அது வழுக்கும், அடியில் ஜமுக்காளம் விரியுங்கள். இந்த மேட்டில் தூக்கி எறிவதும், தலையை ஊன்றிக் கழுத்துப் பாலம் போடுவதும் கூடாது. கழுத்துக்கு, உள்ளங்கையை நெற்றியில் வைத்து 6 விநாடி எதிர்த்துத் தள்ளினால் போதும். அதேபோல் பிடரியிலும் இரு பக்கமும்.

இழுப்புப் பலத்துக்குப் பழைய சைக்கிள் ட்யூப் நல்லது. ஜன்னல் கம்பியில் கட்டும் முன் கம்பி துருப்பிடித்து ஆடுகிறதா பாருங்கள். ட்யூபை நீட்டும்போது மெல்லிய வெடிப்பு தெரிந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், அறுந்தால் நேராக முகத்துக்குத்தான் வரும்.

கேள்வி: என் மகளுக்கு 16 வயது, 48 கிலோ. 46 கிலோ பிரிவில் இறங்கினால் மெடல் நிச்சயம் என்று இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டாள். இப்போது பயிற்சியிலும் ஆர்வம் இல்லை.
– ஒரு தந்தை, திருச்சி

பதில்: ஆர்வம் போனதற்குக் காரணம் அந்தச் சாப்பாடுதான். வளரும் உடம்பில் எரிபொருள் குறைந்தால் முதலில் போவது மனசு, பிறகுதான் எடை. அவளை 49 கிலோ பிரிவிலேயே ஆட விடுங்கள். பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் முன் ஒரு வாழைப்பழம், முடிந்ததும் இரண்டு முட்டை அல்லது ஒரு கிண்ணம் சுண்டல், இரவில் வழக்கமான சாப்பாடு. தூக்கம் 8 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. மாதவிலக்கு தள்ளிப்போனால் உடனே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

தண்ணீரைக் குறைப்பது, பிளாஸ்டிக் உடை போட்டு ஓடுவது பற்றி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். 1997 கடைசியில் அமெரிக்கக் கல்லூரி மல்லர்கள் மூவர் இப்படி எடை குறைக்கப் போய் இறந்தார்கள், அதன் பிறகே அங்கே விதிகளை மாற்றினார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்ற வினேஷ் போகட், 50 கிலோவுக்கு மேல் 100 கிராம் கூடியதால் நீக்கப்பட்டது உங்கள் மகளுக்கும் தெரிந்திருக்கும். சுற்றிலும் நிபுணர்கள் இருந்தே அந்த நிலை.

கேள்வி: மாவட்டப் போட்டியில் 10–0 என்று தோற்ற பிறகு தம்பி மேட் பக்கமே போவதில்லை. வீடியோவைப் போட்டுக் காட்டி விளக்கலாமா?
– ஓர் அண்ணன், மதுரை

பதில்: காட்டலாம், ஆனால் இரண்டு நாள் கழித்து, அதுவும் அவன் கேட்டால். ஃப்ரீஸ்டைலில் (காலையும் பிடிக்க அனுமதிக்கும் மல்யுத்த முறை) 10 புள்ளி முன்னிலை வந்ததும் ஆட்டம் முடிந்துவிடும். ஒரே டேக்டவுனுக்குப் (நிற்பவனைக் கீழே வீழ்த்தி அடக்குவது) பிறகு தொடர்ச்சியாக உருட்டப்பட்டாலே அந்த ஸ்கோர் வந்துவிடும். ஆகவே முதல் 2 புள்ளி போன இடத்தை மட்டும் பாருங்கள். பெரும்பாலும் கால்கள் ஒட்டி நின்றிருக்கும், அல்லது முழங்கை விலாவை விட்டு விலகியிருக்கும். அந்த ஒன்றைத் திருத்துவதுதான் அடுத்த இரண்டு வாரப் பாடம். மீதி 8 புள்ளியைப் பற்றிப் பேச வேண்டாம், நீங்கள் எப்படி ஆடியிருப்பீர்கள் என்பதையும் சொல்ல வேண்டாம்.

கேள்வி: வீட்டு மேட்டில் பயிற்சி செய்யும் மகனுக்குப் படர்தாமரை. மேட்தான் காரணமா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: இருக்கலாம். தினமும் கிருமிநாசினி கலந்த நீரால் துடைத்து, நன்றாகக் காயவிட்ட பிறகே அடுக்குங்கள். செருப்புடன் மேட்டில் ஏறக் கூடாது. பயிற்சி முடிந்ததும் குளியல், துண்டு தனி. டாக்டர் சொல்லும் வரை மற்ற பையன்களோடு குஸ்தி பிடிக்க விடாதீர்கள். செல்போன் பதிவோடு தனியாகப் பயிற்சி செய்யத் தடையில்லை.