தபால்காரர் பதில்கள்: மேற்கு மாம்பலம், 600033

முப்பத்தோரு வருஷம் இந்தப் பேட்டையில் சைக்கிளில் தபால் கொடுத்தவன் என்ற ஒரே தகுதியை வைத்து ஆசிரியர் இந்தப் பக்கத்தை என்னிடம் விட்டிருக்கிறார். தெரு, கடை, தண்ணீர், கொசு எதைப் பற்றியும் கேட்கலாம். அரசியலும் ஜோசியமும் வேண்டாம். அவற்றுக்கு இதே இதழில் வேறு பக்கங்கள் இருக்கின்றன.

லேக் வியூ ரோட்டுக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. லேக்கும் இல்லை, வியூவும் இல்லை. பால்கனியைத் திறந்தால் எதிர்வீட்டு வாஷிங் மெஷின்தான் தெரிகிறது. பெயர் மட்டும் எப்படி வந்தது?
(புதுக் குடித்தன வாசகி)

ஏரி இருந்ததம்மா. சின்ன ஏரியும் இல்லை. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீளமாகக் கிடந்ததால் வெள்ளைக்காரர்கள் அதற்கு 'லாங் டேங்க்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அதன் மேற்குக் கரையில் இருந்த கிராமம்தான் மாம்பலம். 1920களில் ஊர் பெருத்து, வீடு கட்ட இடம் வேண்டும் என்றதும் ஏரித் தண்ணீரை வடித்துவிட்டு மனை போட்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் தியாகராய நகர். நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பெயரை நகருக்கும், பனகல் ராஜா பெயரை நடுவிலுள்ள பூங்காவுக்கும் வைத்தார்கள். ஏரி போனது, பார்த்த தெரு மட்டும் நின்றுவிட்டது. நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' என்று ஒன்று இருக்கிறதே, அதுவும் இதே கதைதான்.

ஆனால் ஏரி முழுசாகப் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் விடாமல் பெய்தால் பழைய முகவரிக்குத் திரும்பி வரும். 2015 டிசம்பரிலும் வந்தது, 2021 நவம்பரிலும் வந்தது. அன்றைக்கு நீங்கள் பால்கனிக்கு வந்தால் வியூ நன்றாகவே இருக்கும்.

துரைசாமி சப்வேயில் தண்ணீர் நிற்குமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?
(அசோக் நகரிலிருந்து ஒருவர்)

உண்டு. மழை பெய்கிறதா என்று பாருங்கள்.

ஆன்லைனில் எதை வாங்கினாலும் டெலிவரிப் பையன் வீட்டைக் கண்டுபிடிக்க ஐந்து தடவை போன் செய்கிறான். பழைய எண், புதிய எண் இரண்டும் தெளிவாகப் போட்டிருக்கிறேன். இன்னும் என்ன செய்ய?
(ஆரிய கவுடா ரோடு வாசகர்)

இரண்டையும் போட்டதுதான் சார் வினை. சென்னையில் கதவு எண்களை மாற்றியபோது பழையதை யாரும் விடவில்லை, புதியதை யாரும் முழுசாக ஏற்கவும் இல்லை. உங்கள் வீடு பழைய 14, புதிய 27 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே தெருவில் பழைய 27 என்று வேறொரு வீடு இருக்கும். அதன் புதிய எண் 52. சிலர் 14/27 என்று எழுதுவார்கள், சிலர் 27/14 என்று. அந்தச் சாய்கோட்டுக்கு எந்தப் பக்கம் பழசு, எந்தப் பக்கம் புதுசு என்பது எழுதுகிறவர் மனசுக்கு மட்டும்தான் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். பழைய 27-இல் ஒரு பாட்டி, தவறி வந்த கடிதங்களைக் காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் சுருட்டி வைத்திருந்து, வெள்ளிக்கிழமை தோறும் என்னிடம் ஒப்படைப்பார். ஒரு கடிதத்தைக்கூடப் பிரித்ததில்லை. தபால் கார்டுகளை மட்டும் படித்துவிடுவார். "அந்தப் பொண்ணுக்கு இடம் அமைஞ்சிருக்கு போலிருக்கே" என்று கொடுக்கும்போதே செய்தியையும் சொல்லிவிடுவார்.

இது போதாது என்று, 1970களின் கடைசியில் தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பெயரை எடுத்தார்கள். எடுத்தது நல்லதுதான், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் தி.நகரில் ஜி.என். செட்டி ரோடு பலகையில் ஜி.என். ரோடு ஆன பிறகும் ஆட்டோக்காரரிடம் பழைய பெயரைத்தான் சொல்கிறோம். வாய்க்குப் புதுப் பலகை மாட்ட முடியவில்லை.

அதனால்தான் எல்லோரும் கடையைச் சொல்லி வழி காட்டுகிறோம். மாவு மில் எதிரில், காபிக்கடைப் பக்கத்துச் சந்து, இஸ்திரி வண்டி தாண்டி மூன்றாவது கேட். இதிலும் ஒரு வம்பு இருக்கிறது. கடை ஓரிடத்தில் நிற்பதில்லை.

நான் தபால் கொடுத்த பீட்டில் ஒரு திருப்பத்தில் எட்டுக்குப் பத்து அளவில் ஒரு கடை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அது வாடகை நூலகம். மாதச் சந்தா கட்டினால் ஒரு தடவைக்கு இரண்டு புத்தகம். வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதையைப் பிய்த்துச் சேர்த்து பைண்டு செய்திருப்பார்கள். நடுவில் ஒரு அத்தியாயம் இருக்காது. அப்புறம் எஸ்.டி.டி. பூத். ராத்திரி கட்டணம் குறையும் நேரத்துக்குக் காத்திருந்து, துபாய்க்கும் டெல்லிக்கும் பேச வரிசை நிற்கும். கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருவர் அழுவதும் மீட்டர் ஓடுவதும் வெளியே நிற்பவர்களுக்கு ஒன்றாகத் தெரியும். அது போய் பிரௌசிங் சென்டர். தேர்வு முடிவு வரும் நாளில் மட்டும் அம்மா அப்பாக்களும் உள்ளே நுழைவார்கள். அதற்கப்புறம் ஜெராக்ஸ், ரீசார்ஜ், கொரியர் மூன்றும் ஒரே மேஜையில். கொரியர் வந்த நாளில் நான் அந்தப் பக்கம் கொஞ்சம் வேகமாகவே சைக்கிளை மிதித்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். இன்றைக்கு அங்கே மோமோ விற்கிறார்கள். கூட்டம் பரவாயில்லை.

இதில் விசேஷம், எதிர்வீட்டு மாமா இன்றும் கல்யாணப் பத்திரிகையில் முகவரிக்குக் கீழே 'எஸ்.டி.டி. பூத் எதிரில்' என்றுதான் அச்சடிக்கிறார். வந்து சேர வேண்டியவர்களும் சரியாக வந்து சேர்ந்துவிடுகிறார்கள்.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். புதிய எண்ணை மட்டும் போடுங்கள், பின்கோடை மறக்காதீர்கள், கேட்டின் நிறத்தை எழுதுங்கள். கேட்டுக்கு வேறு நிறம் அடித்தால் முகவரியையும் மாற்றுங்கள். முக்கால்வாசிப் பேர் இந்தக் கடைசி வேலையைத்தான் செய்வதில்லை.

வழக்கமாக வாங்கும் கடையில் காபிப்பொடி முன்புபோல இல்லை. எண்பதுக்கு இருபது என்றுதான் கேட்கிறேன். சிக்கரி அதிகம் போடுகிறார்களோ என்று சந்தேகம். கேட்டால் சண்டை வரும். எப்படிக் கண்டுபிடிப்பது?
(போஸ்டல் காலனி வாசகி)

சண்டை வேண்டாம், ஒரு தம்ளர் தண்ணீர் போதும். கண்ணாடித் தம்ளரில் பச்சைத் தண்ணீரை நிரப்பி, அரை ஸ்பூன் பொடியை மேலாகத் தூவுங்கள். கலக்கக் கூடாது. காபித்தூள் கொஞ்ச நேரம் மிதக்கும். சிக்கரி நீரைக் குடித்துக்கொண்டு, பழுப்பாகக் கோடு இழுத்துக்கொண்டே அடிக்கு இறங்கும். இதை வைத்துச் சதவீதம் சொல்ல முடியாது. ஆனால் போன மாதப் பொடி மிச்சம் இருந்தால் பக்கத்துத் தம்ளரில் அதையும் தூவிப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும்.

சட்டப்படி சிக்கரி கலந்த பொடியில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. எவ்வளவு காபி, எவ்வளவு சிக்கரி என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும். அரைத்துக் கொடுக்கும் கடையில் அந்தக் காகிதப் பையை யாரும் படிப்பதில்லை, வாசனையிலேயே மயங்கிவிடுகிறோம்.

என் வீட்டிலும் ஒரு தடவை இந்தச் சந்தேகம் வந்தது. கடை பெயர் வேண்டாம். ஒரு நாள் மெனக்கெட்டு அரைவைக்குப் பக்கத்திலேயே நின்றேன். பீபெரி பாதி, பிளான்டேஷன் பாதி என் கண் முன்னால்தான் நிறுத்தார். கொட்டை புனலில் விழுந்தது, பொடி சூடாக இறங்கியது. சிக்கரி டப்பாவைத் திறந்தபோது சரியாக ஒரு வாடிக்கையாளர் வந்து என்னிடம், "சார், எங்க பென்ஷன் லெட்டர் வந்துச்சா?" என்றார். நான் திரும்பிப் பதில் சொல்லிவிட்டுப் பார்ப்பதற்குள் டப்பா மூடியாயிற்று. இன்றுவரை எத்தனை கரண்டி என்று எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் கொட்டையை வறுத்ததாக வாங்கி, சிக்கரியைத் தனிப் பொட்டலமாகக் கட்டச் சொல்லி, வீட்டில் கலந்துகொள்கிறேன். மனைவி இருபதுக்குப் பதில் முப்பது போடுகிறாள். அது வேறு விஷயம்.

தள்ளுவண்டியில் எலக்ட்ரானிக் தராசு வந்த பிறகும் கால் கிலோவில் இரண்டு தக்காளி குறைகிறதே?
(வாசகர், கோடம்பாக்கம்)

எலக்ட்ரானிக் தராசை வருஷத்துக்கு ஒரு முறை பரிசோதித்து முத்திரை போட வேண்டும். நம் மாநிலத்தில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதைவிடச் சுலபம், பையில் பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டோடு போய், "தம்பி, இதைக் கொஞ்சம் போட்டுப் பாருப்பா" என்று சிரித்துக்கொண்டே கேட்பது. சிரிப்பு முக்கியம். பாதி நேரம் தராசு சரியாக இருக்கும், தட்டின் மேல் கிடக்கும் ஈரச் சாக்குதான் எடை காட்டிக்கொண்டிருக்கும்.

என் மகள் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். காலையிலிருந்து ராத்திரி வரை நின்றே இருக்க வேண்டியிருக்கிறது. உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கிறார். இது சரியா?
(ஒரு தாய், எம்.ஜி.ஆர். நகர்)

சரியில்லை. 2021-இல் தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை வைத்தே ஆக வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். கேரளாவில் அதற்கு மூன்று வருஷம் முன்பே வந்துவிட்டது. அங்கே பெண்கள் போராடித்தான் வாங்கினார்கள். இருக்கை இல்லையென்றால் தொழிலாளர் துறைக்கு எழுதலாம்.

சட்டம் இருக்கிறது, ஸ்டூலும் பல கடைகளில் இருக்கிறது. அதன் மேல் புடவைக் கட்டு உட்கார்ந்திருக்கும். நான் தீபாவளிக்குப் போனபோது அந்தப் பெண்ணிடம், "நீங்க உட்காருங்கம்மா, நான் மெதுவாப் பார்க்கிறேன்" என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, மூலையில் இருந்த கேமராவைப் பார்த்தாள். உங்கள் மகள் தனியாகப் புகார் கொடுக்க வேண்டாம். நாலு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். தபாலில் அனுப்பினால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பழைய பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது, அதனால் கவுன்டரில் ஸ்பீட் போஸ்ட் என்றே கேளுங்கள்.

மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஆகாய நடைபாதை கட்டிய பிறகும் ரங்கநாதன் தெருவில் கூட்டம் குறையவில்லையே, ஏன்?
(தாம்பரம் வாசகர்)

2023 மே மாதம் திறந்தார்கள். அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம், லிஃப்ட், எஸ்கலேட்டர் எல்லாம் உண்டு. அவசரமாகப் பஸ் பிடிக்கிறவர்கள் மேலே போகிறார்கள். மேலே பூக்காரம்மா இல்லை, பத்து ரூபாய்க்கு மூன்று ஹேர்க்ளிப் இல்லை, அன்னாசிப்பழக் கீற்றில் மிளகாய்ப்பொடி தூவித் தருபவர் இல்லை. ரங்கநாதன் தெருவுக்கு வருகிறவர்களில் எத்தனை பேருக்குப் பஸ் பிடிக்க வேண்டியிருக்கிறது?

எங்கள் தெருச் செய்தி எந்தப் பேப்பரிலும் வருவதில்லை. யார் வீட்டில் என்ன என்று தெரியாமலே வாழ்கிறோம். பேட்டைப் பத்திரிகைகளை யாராவது படிக்கிறார்களா?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, மேற்கு மாம்பலம்)

படிக்கிறார்கள். 'மயிலாப்பூர் டைம்ஸ்', 'மாம்பலம் டைம்ஸ்' மாதிரி வாசலில் இலவசமாக வந்து விழும் வாரப் பத்திரிகைகளில் முதலில் வரி விளம்பரம், அப்புறம் கச்சேரி, அப்புறம்தான் மற்றது என்று படிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அயோத்யா மண்டபத்தில் இன்றைக்கு யார் கச்சேரி, எந்தத் தெருவில் குழி தோண்டி மூடவில்லை என்பதெல்லாம் பெரிய பேப்பருக்குச் செய்தி இல்லை. நமக்கு அதுதான் செய்தி.

ஆனால் முதல் பதிப்பு வேண்டுமென்றால் இஸ்திரி வண்டிக்குப் போங்கள். எங்கள் தெருவில் வேப்பமரத்தடியில் நிற்கும் அம்மா இன்னும் கரிப்பெட்டிதான் வைத்திருக்கிறார். பெட்டியைத் தூக்கி வீசிக் கனலை ஊதிவிட்டு, ஈரத்துணியில் ஒரு தேய்ப்பு தேய்த்து, அப்புறம்தான் சட்டையில் வைப்பார். காலர், கை, முதுகு, முன்பக்கம் என்று வரிசை மாறாது. வேட்டி சட்டை மட்டும் போட்ட வீட்டில் திடீரென்று ஜீன்ஸ் வந்தால் அமெரிக்காவிலிருந்து பையன் வந்திருக்கிறான். தினம் ஐந்து சட்டை வந்த வீட்டிலிருந்து இரண்டாகக் குறைந்தால், ஒருவருக்கு வேலை போயிருக்கிறது அல்லது வீட்டிலிருந்தே வேலை. போன மாதம் அந்த அம்மாதான் என்னிடம், "அறுபத்தோராம் நம்பர் ஐயா வேட்டி பத்து நாளா வரலை, கொஞ்சம் போய்ப் பாருங்களேன்" என்றார். போய்ப் பார்த்தேன். வழுக்கி விழுந்து காலில் கட்டோடு படுத்திருந்தார். பிள்ளைகள் பெங்களூரில். அவர் கேட்ட முதல் கேள்வி, "வண்டியில என் ரெண்டு வேட்டி நிக்குது, எடுத்துட்டு வந்தீங்களா?"

மாம்பலம் கொசு இன்னும் இருக்கிறதா?
(சிங்கப்பூரிலிருந்து பழைய மாம்பலவாசி)

உங்களை விசாரித்தது.

குடை ரிப்பேர் செய்கிறவர்கள் இப்போது யாராவது இருக்கிறார்களா? அப்பாவின் குடை, தூக்கிப் போட மனமில்லை.
(வாசகி, அசோக் நகர்)

ஸ்டேஷன் பக்கம் ஒருவர் வருவார். வருஷம் முழுவதும் கிடையாது. புரட்டாசி கடைசியில் கோணியை விரித்து உட்கார்ந்தால் கார்த்திகை வரை இருப்பார். மற்ற மாதங்களில் பூட்டு, சூட்கேஸ் ஜிப். கம்பி ஒடிந்திருந்தால் பழைய குடையிலிருந்து கழற்றிப் பொருத்துவார், துணி கிழிந்திருந்தால் கையாலேயே தைப்பார். விலையை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். காலையில் போனால் சாயங்காலம் கிடைக்கும். மழை பிடித்துக்கொண்டால் மூன்று நாள் ஆகும். பக்கத்தில் மரக்கைப்பிடி போட்ட ஒரு கறுப்புக் குடை, 'ஆன் இந்தியா கவர்ன்மென்ட் சர்வீஸ்' என்று வெள்ளைப் பெயின்டில் எழுதிச் சாத்தி வைத்திருந்தால் அது என்னுடையது. எனக்கு அடுத்ததாக உங்கள் குடையை வையுங்கள்.