கொள்ளுத்தாத்தாவின் ஊரைக் கண்டுபிடிக்க எங்கிருந்து தொடங்குவது?

சிங்கப்பூரில் நான்காம் தலைமுறை, கொள்ளுத்தாத்தா "தஞ்சாவூர்ப் பக்கம்" என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது, எங்கே தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் இதே நிலைமைதான். மூன்று வருஷம் ஆனது, ஆனால் ஊரைப் பிடித்துவிட்டேன்.

முதலில் கணினியை மூடி வையுங்கள். குடும்பத்தில் வயதில் மூத்தவர் யாரோ, அவரிடம் இந்த வாரமே போய் உட்காருங்கள். நம்ம ஊர் எது என்று கேட்டால் தஞ்சாவூர் என்றுதான் பதில் வரும், அதனால் குலதெய்வம் எது என்று கேளுங்கள். ஊர்ப் பெயரை மறந்தவர்கள்கூட அதை மறப்பதில்லை. பிள்ளைக்கு உடம்பு முடியாமல் போனால் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பது அந்தச் சாமி பேரைச் சொல்லித்தானே. என் அப்பாவின் அத்தைக்கு அப்போது 88 வயது. ஐயனார் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கோயில் பக்கத்துல பெரிய ஏரி, பறவையா வந்து இறங்கும்னு எங்கம்மா சொல்லும்" என்றார். நான் கேட்காமலே வந்த வார்த்தை அது.

அப்புறம் பழைய பாத்திரங்களைத் திருப்பிப் பாருங்கள். எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் அரிசி கொட்டி வைக்கும் பித்தளைத் தவலை ஒன்று உண்டு, கொள்ளுப்பாட்டி கப்பலில் கொண்டு வந்தது. புளி போட்டுத் தேய்த்தபோது கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து தெரிந்தது: வ.க.மு. கண்ணையன் மகன் முருகையன், அது கொள்ளுத்தாத்தா, சரி. முன்னால் நிற்கிற "வ"தான் யாருக்கும் புரியவில்லை. அது ஊர் எழுத்து! "வ"வும் ஏரியும் பறவையும் சேர்ந்தால் மன்னார்குடிப் பக்கம் வடுவூர்.

பெயர் விஷயத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் முன்னெழுத்து, அதுவும் ஒவ்வொரு தலைமுறைக்கும் மாறும். ஆனால் தாத்தா பேரைப் பேரனுக்கு வைப்பதால் (பேரன் என்ற சொல்லே பெயரன்தான்) ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்ப வரும். இது பெரிய துணை, சிக்கலும் இதுதான். இரண்டு முருகையனை ஒரே ஆள் என்று நினைத்து ஆறு மாதம் தப்பான வழியில் போனேன். ஆங்கிலத்தில் தேடும்போது எழுத்துகளை மாற்றி மாற்றிப் போடுங்கள்; "மு"வுக்கு ஒரு குமாஸ்தா யூ போட்டிருப்பார், இன்னொருவர் இரண்டு ஓ போட்டிருப்பார்.

இங்கே உள்ள காகிதங்களில் 1957 குடியுரிமைச் சட்டம் வந்தபின் வாங்கிய சான்றிதழ், இறப்புச் சான்றிதழ் இரண்டையும் தேடி எடுங்கள். எங்களுடையதில் பிறந்த இடம் வெறும் "இந்தியா", உங்களுடையதில் ஊரே இருக்கலாம். தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் தொகுப்பில் 1935ல் தொடங்கிய தமிழ் முரசு இருக்கிறது, மறைவு அறிவிப்புகளைப் பொறுமையாகப் பாருங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தக் காலத்து ஆட்களின் வாய்மொழி வரலாற்றுப் பேட்டிகள் இருக்கின்றன. உங்கள் கொள்ளுத்தாத்தா அதில் வராவிட்டாலும், அவரைப் போலக் கப்பலேறி வந்த ஒருவர் பேசுவதைக் கேட்கலாம். கப்பல் பேர் "ரஜூலா" என்று வீட்டில் யாராவது சொன்னால் அவர் வந்தது 1926க்கு அப்புறம்தான். நாகப்பட்டினத்தில் ஏறியவர் என்றால் பெரும்பாலும் டெல்டாக்காரர்.

பழைய தாளில் "தஞ்சாவூர் ஜில்லா" என்று இருந்தால் இன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் மட்டும் தேடாதீர்கள். ஒன்றாக இருந்த ஜில்லாவிலிருந்து 1991ல் நாகப்பட்டினம், 1997ல் திருவாரூர், 2020ல் மயிலாடுதுறை என்று பிரிந்துவிட்டது. வடுவூர் இப்போது திருவாரூர் மாவட்டம்.

போன வருஷம் நேரில் போனேன். டீக்கடையில் கொள்ளுத்தாத்தா பேரைச் சொன்னேன், யாருக்கும் தெரியவில்லை. சிங்கப்பூர் என்றதும் பெஞ்சில் இருந்த பெரியவர் எழுந்துவிட்டார். "சிங்கப்பூரார் வீடா? வாங்க தம்பி." அந்த வீட்டுக்கு இன்னமும் அதுதான் பெயர், அங்கிருந்து ஒரே ஒரு ஆள் எண்பது தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் கப்பலேறியதற்காக. கோயிலுக்கு வீட்டுக்கு வீடு கட்டும் வரியை எழுதி வைக்கிற தலைக்கட்டு நோட்டை எடுத்து வந்து காட்டினார்கள். பங்காளிகள் வரிசையில் "க. முருகையன், சிங்கப்பூர்" என்று இருக்கிறது. எங்கள் வரியை அத்தனை வருஷமும் அவர் தம்பி வீட்டார் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். எனக்குப் பேச்சு வரவில்லை.

நீங்கள் போகும்போது மகா சிவராத்திரி, பங்குனி உத்திரம் என்று உங்கள் குலதெய்வத்துக்குப் பங்காளிகள் கூடுகிற நாளாகப் பார்த்துப் போங்கள். தாத்தாவின் போட்டோ ஒன்றும் எடுத்துப் போங்கள், அங்கே அவர் முகத்தைப் பார்த்தவர்கள் இருக்க மாட்டார்கள்.